டூப்பா நிஜமா? - ஒரு நூறு வருஷத்து கேள்வி

மக்களே, கொஞ்ச நாளா இந்தப் பக்கமே வரல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா ஆணி புடுங்கப் போற பஸ்லயும் திரும்பி வர்ற பஸ்லயும் காதுல ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. ரெஸ்லிங் பாட்காஸ்ட். ரிங்குல ஆடினவங்க, வெளிய நின்னு மைக் புடிச்சவங்க, உள்ள உக்காந்து கதை எழுதினவங்க எல்லாம் இப்ப வயசாகி, ஆளுக்கொரு பாட்காஸ்ட் வச்சிருக்காங்க. அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ரசிகர் கேள்வி நேரம். உலகத்துல எங்கேயோ இருக்கற ஒருத்தன் கேள்வி அனுப்புவான். பழைய ஆள் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு ஆரம்பிப்பாரு.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க ஸ்கூல்ல அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பொழைச்சவர், அவரை மாதிரியே இன்னொருத்தர் இருக்காருன்னு ஒரு வதந்தி. உங்க ஸ்கூல்லயும் இருந்திருக்கும். அதுல பாதி நிஜம்னு பாட்காஸ்ட் கேட்டுத்தான் தெரிஞ்சுது. 1994 ஆகஸ்ட்ல, சிகாகோவுல நடந்த சம்மர்ஸ்லாம்ல ரெண்டு அண்டர்டேக்கர் மோதிக்கிட்டாங்க. டூப்பா வந்தவர் பேரு பிரையன் லீ. ட்ரம்ப் கார்டு வச்சு விளையாடின பயலுக்கு, இத்தனை வருஷம் கழிச்சு பதில்!

இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் உறைச்சுது. இந்தக் கேள்விகளுக்கே ஒரு வரலாறு இருக்கு. ரெஸ்லிங் எப்படி மாறிச்சுன்னு எழுதறதை விட, அதைப் பாத்தவன் என்ன கேட்டான், அவனுக்கு என்ன பதில் கெடைச்சுதுன்னு எழுதினா சுவாரசியமா இருக்கும்னு தோணுச்சு. நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல் கேள்வி

எல்லாருக்கும் முதல் கேள்வி ஒண்ணுதான். "நெஜமாவே அடிச்சுக்கறாங்களா?" எங்க வீட்ல அதுக்கு அப்பாவோட பதில் ரெடியா இருக்கும். "எல்லாம் டூப்புடா. டிவிய அமத்திட்டுப் போய்ப் படி."

அமெரிக்காவுல இந்தக் கேள்விக்கு நூறு வயசு தாண்டியாச்சு. ஊர் ஊராப் போற திருவிழாக் கூடாரங்கள்ல, எங்க ஆளை ஜெயிச்சா பரிசுன்னு சவால் விட்டுக் காசு பாத்த கூட்டத்துகிட்டேருந்து வந்த பழக்கம், உள்விஷயத்தை வெளியில விடாம காப்பாத்தறது. அதுக்கு அவங்க பாஷையில பேரு கேஃபேப். நல்லவனா நடிக்கறவனும் வில்லனா நடிக்கறவனும் ஒரே ஹோட்டல்ல சாப்பிடக்கூடாது, ஒரே வண்டியில போகக்கூடாது. பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட கூட உண்மையைச் சொல்லாதவங்க இருந்திருக்காங்க.

இதைப் போட்டு உடைச்ச ஆரம்பகால ஆள்கள்ல ஒருத்தர் ஜாக் ஃபெஃபர்ங்கற ப்ரமோட்டர். 1930கள்ல மத்த ப்ரமோட்டர்கள் கூட்டு சேர்ந்து இவரைக் கழட்டி விட்டாங்க. கடுப்பான மனுஷன் நேரா நியூயார்க் டெய்லி மிர்ரர் பத்திரிகையில எழுதிக்கிட்டிருந்த டான் பார்க்கர்கிட்ட போய், யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே முடிவு பண்ற கதையை எல்லாம் கொட்டிட்டாரு. இங்க ஒண்ணைக் கவனிச்சு வச்சுக்குங்க. உண்மை வெளிய வந்தது உண்மை மேல இருந்த பாசத்துல இல்ல, கணக்குத் தீக்கற கோவத்துல. இது பின்னாடி உதவும்.

பொய்க்குக் கொடுத்த வெலை

1975 அக்டோபர் 4. வட கரோலினா மாநிலம் வில்மிங்டன் பக்கத்துல ஒரு சின்ன விமானம் விழுந்துச்சு. உள்ள இருந்தவங்க ரெஸ்லர்கள். ஜானி வாலன்டைன்ங்கற பெரிய வில்லனுக்கு இடுப்புக்குக் கீழ செயலிழந்து போச்சு, அதுக்கப்புறம் அவர் ரிங்குல ஏறவே இல்ல. 26 வயசு ரிக் ஃப்ளேருக்கு முதுகெலும்பு முறிஞ்சுது. பைலட் பின்னாடி இறந்து போனாரு.

அதே விமானத்துல டிம் வுட்ஸ்னு ஒருத்தர். அவர் "மிஸ்டர் ரெஸ்லிங்", அதாவது நல்லவர். வில்லன்களோட ஒரே விமானத்துல நல்லவருக்கு என்ன வேலை? ஜனங்களுக்குத் தெரிஞ்சா யாவாரம் காலி. அதனால ஆஸ்பத்திரியில தன்னோட நிஜப் பேரைக் கொடுத்து, நான் ரெஸ்லர் இல்ல, ப்ரமோட்டர்னு சொல்லிட்டாரு. வதந்தி அடங்கணும்னு, அடிபட்ட உடம்போட சில வாரத்துலயே ரிங்குக்குத் திரும்பி வந்தாரு.

இதை முதல் தடவை கேட்டப்ப சிரிச்சேன். ரெண்டாவது தடவை சிரிப்பு வரல. விமான விபத்துல பொழைச்ச ஒருத்தன், "டூப்பா நிஜமா"ங்கற கேள்வி வந்துடக்கூடாதேன்னு நிஜமான வலியை மறைச்சுக்கிட்டுப் போய் ஆடியிருக்கான்.

கேட்டவனுக்கு விழுந்த அறை

1984 டிசம்பர் 28, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஏபிசி சேனலோட 20/20 நிகழ்ச்சிக்காக ஜான் ஸ்டாசல்ங்கற நிருபர் மைக்கோட உள்ள போறாரு. டேவிட் ஷுல்ட்ஸ்ங்கற ரெஸ்லரைப் பாத்து, இது டூப்புன்னு நெனைக்கறேங்கறாரு. காது மேல ஒரு அறை. எந்திரிச்சா இன்னொரு காதுலயும் ஒண்ணு. எல்லாம் கேமராவுல பதிவாச்சு. ஸ்டாசல் கேஸ் போட, கடைசியில 4,25,000 டாலருக்கு சமரசம் ஆச்சு. ஷுல்ட்ஸுக்கு சீக்கிரமே வேலை போச்சு. முதலாளி சொல்லித்தான் அடிச்சேன்னு அவர் பின்னாடி சொன்னாரு.

மூணு வருஷம் கூட ஆகல, இன்னொரு கூத்து. 1987 மே மாசம் நியூஜெர்சி ரோட்டுல போலீஸ் ஒரு காரை நிறுத்துது. உள்ள ஹேக்சா ஜிம் டுகனும் அயர்ன் ஷேக்கும். அப்போதைய கதையில ஜென்ம விரோதிகள். கார்ல போதைப்பொருள் வேற. ஆனா கம்பெனிக்கு வந்த பெரிய மானக்கேடு போதைப்பொருள் மட்டும் இல்ல, ரெண்டு விரோதியும் ஒரே கார்ல பீர் குடிச்சுக்கிட்டுப் போனதுதான்!

"ஆமாங்க, டூப்புதான்"

இப்ப பாருங்க ட்விஸ்ட்டை. கேட்டவனை அறைஞ்ச அதே கம்பெனி, 1989ல நியூஜெர்சி மாநில செனட்ல போய், இது போட்டியே இல்லீங்க, வெறும் கேளிக்கைன்னு தானாவே ஒத்துக்கிச்சு. யாரும் நெருக்கிக் கேக்கல. ஏன் ஒத்துக்கிட்டாங்க? விளையாட்டுன்னு இருந்தா மாநிலத்தோட விளையாட்டு ஆணையம் மேற்பார்வை பண்ணும், ஒளிபரப்பு வருமானத்துல வரி கட்டணும், லைசென்ஸ் வேணும், ஆட்டத்துக்கு முன்னாடி ரெஸ்லர்களை டாக்டர் பரிசோதிக்கணும். கேளிக்கைன்னு ஆயிட்டா அந்தத் தொல்லை எல்லாம் இல்ல.

இந்த எடத்துல நான் பாட்காஸ்ட்டை நிறுத்திட்டு ஜன்னலுக்கு வெளிய கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். நிஜம்னு சொன்ன வரைக்கும் டிக்கெட் வித்துச்சு. டூப்புன்னு சொன்னதும் வரி மிச்சம், டாக்டர் பரிசோதனையும் கட்டாயம் இல்ல. அந்தக் கேள்விக்கு ஆமான்னு சொன்னாலும் இல்லைன்னு சொன்னாலும் ஜெயிச்சது கம்பெனிதான். அப்ப கேள்வியே தப்போ?

கேள்வி மாறுது

இந்த நேரத்துல இன்னொரு கூட்டம் வளந்துக்கிட்டு வருது. டூப்புன்னு தெரியும், ஆனா அந்த டூப்பை யார், ஏன், எப்படி முடிவு பண்றாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படற கூட்டம். கடையில விக்கற ரெஸ்லிங் பத்திரிகைகள் கதையை நிஜம் மாதிரியே எழுதிக்கிட்டிருந்த 1980கள்ல, கலிஃபோர்னியாக்காரர் டேவ் மெல்ட்சர் "ரெஸ்லிங் அப்சர்வர்"னு ஒரு செய்திமடலை தபால்ல அனுப்ப ஆரம்பிச்சாரு. பொடி எழுத்து, பக்கம் பக்கமா செய்தி, கூடவே வாசகர் கடிதம். யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த ஊர்ல எத்தனை டிக்கெட் போச்சு, யார் கம்பெனி மாறப் போறாங்கன்னு எல்லாம் அதுல வரும்.

கம்பெனிகளும் சும்மா விடல. கேள்வி கேக்கறவன்கிட்ட காசு பாக்கலாம்னு கண்டுபுடிச்சாங்க. 1990கள்ல டபிள்யூசிடபிள்யூ ஒரு ஹாட்லைன் நடத்துச்சு. ஜீன் ஓக்கர்லண்ட் டிவியில வந்து, ஒரு பெரிய வீரர் கம்பெனி மாறப் போறாரு, யாருன்னு தெரியணுமா, போன் பண்ணுங்கம்பாரு. நிமிஷக் கணக்குல காசு. சின்னப் பசங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டுப் பண்ணணும்னு ஒரு வாசகம் வேற. எத்தனை வீட்ல போன் பில் வந்த அன்னைக்கு நிஜ ரெஸ்லிங் நடந்துச்சோ!

அப்புறம் வீடியோ டேப்ல ஓய்வு பெற்ற ரெஸ்லர்களோட மனம் திறந்த பேட்டிகள். 1999ல மெல்ட்சர் இன்டர்நெட் ரேடியோவுக்கு வந்தாரு, ரசிகர்கள் போன் பண்ணி நேரடியா கேக்க முடிஞ்சுது. 2010ல கோல்ட் கபானாங்கற ரெஸ்லர் "ஆர்ட் ஆஃப் ரெஸ்லிங்" பாட்காஸ்ட் ஆரம்பிச்சாரு. 2013ல ஸ்டீவ் ஆஸ்டினும் கிறிஸ் ஜெரிகோவும் வந்தாங்க. அதுக்கப்புறம் வெள்ளம்தான்.

பொய் சொல்லப் பழகினவன்கிட்ட கேள்வி

2016ல வந்த ஒரு பாட்காஸ்ட் இந்தக் கேள்வி-பதில் பாணியையே மாத்திடுச்சு. புரூஸ் ப்ரிச்சர்ட், வின்ஸ் மக்மானுக்குப் பக்கத்துல பல வருஷம் உக்காந்து வேலை பாத்தவர். ரிங்குல "பிரதர் லவ்"ங்கற செகப்பு மூஞ்சி போதகரா வந்தவரும் இவர்தான். கேள்வி கேக்கறவர் கான்ராட் தாம்ப்சன், அலபாமாவுல வீட்டுக்கடன் தொழில் பண்றவர். ரெஸ்லிங் ரசிகர், அவ்வளவுதான். இவர் பழைய அப்சர்வர்ல என்ன எழுதியிருக்குன்னு படிப்பாரு, ப்ரிச்சர்ட் மெல்ட்சரைத் திட்டிக்கிட்டே மறுப்பாரு. இவர் விடாம மடக்குவாரு. அடுத்த வாரம் எதைப் பத்திப் பேசறதுன்னு ரசிகர்களே ஓட்டு போடுவாங்க.

அதே அச்சுல டோனி ஷியாவோன், எரிக் பிஷாஃப், ஜிம் ராஸ், ஆர்ன் ஆண்டர்சன்னு வரிசையா ஆரம்பிச்சாங்க. எல்லாத்துலயும் எதிர் சீட்ல கான்ராட். இன்னொரு பக்கம் ஜிம் கார்னெட், ரசிகர் கேள்விகளுக்குன்னே தனியா ஒரு பாட்காஸ்ட் நடத்தறாரு.

ஆனா ஃபெஃபர் கதையை மறந்துடாதீங்க. பதில் சொல்றவங்க எல்லாம் கேஃபேப்ல வளந்தவங்க. நேருக்கு நேர் பாத்துப் பொய் சொல்றதுதான் அவங்க கத்துக்கிட்ட தொழில். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழைய பகை, ஒரு பழைய கணக்கு. ஒரே சம்பவத்துக்கு மூணு பாட்காஸ்ட்ல மூணு கதை வரும், மூணுலயும் பேசறவர்தான் புத்திசாலி. ப்ரிச்சர்டே 2019ல திரும்ப கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு. கேள்வி கேட்ட ரசிகர் கான்ராட் 2018ல ரிக் ஃப்ளேரோட மகளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, 2022ல மாமனாரோட கடைசி மேட்சை நாஷ்வில்ல நடத்தினதுலயும் அவர் பங்கு பெருசு. ஆக, வெளியில நின்னு கேட்டவரும் உள்ளாளாயிட்டாரு.

அப்ப இந்தத் தொழில்ல உண்மையான பதிலே கெடைக்காதா? கெடைச்சிருக்கு. சத்தியப் பிரமாணம் எடுத்த எடத்துல.

1986ல ஜெசி வெஞ்சுரா, ரெஸ்லர்கள் சங்கம் வைக்கணும்னு உடை மாத்தற ரூம்ல பேசினாரு. உடனே முதலாளி காதுக்குப் போயிடுச்சு. யார் போட்டுக் கொடுத்தான்னு வருஷக்கணக்கா தெரியல. பின்னாடி வீடியோ ராயல்டிக்காக அவர் கேஸ் போட்டப்ப, வக்கீல் மூலமா அந்தக் கேள்வியையும் கேக்க வச்சாரு. மக்மான் சத்தியப் பிரமாணத்துல சொன்ன பேரு ஹல்க் ஹோகன்னு வெஞ்சுரா பல பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் ஹோகனைத் தன்னோட நண்பன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்காரு மனுஷன்.

இன்னொண்ணு, பாட்காஸ்ட்டே கோர்ட்டுக்குப் போன கதை. 2014 நவம்பர்ல சிஎம் பங்க், நண்பர் கபானாவோட பாட்காஸ்ட்ல வந்து, தான் ஏன் டபிள்யூடபிள்யூஈய விட்டுப் போனேன்னு கொட்டித் தீத்தாரு. முதுகுல இருந்த கட்டியை கம்பெனி டாக்டர் சரியா கவனிக்கலைங்கறதும் அதுல ஒண்ணு. அந்த டாக்டர் 2015ல மானநஷ்ட வழக்கு போட்டாரு. 2018 ஜூன்ல ஜூரி பங்குக்கும் கபானாவுக்கும் சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா வக்கீல் செலவு விஷயத்துல நண்பர்கள் ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போட்டுக்கற அளவுக்குப் போயிட்டாங்க. ஒரு பேட்டி, ரெண்டு பேரோட நட்பையே காவு வாங்கிடுச்சு.

நான் கேக்காம விட்டது

இப்ப என் கதைக்கு வர்றேன். எங்கிட்ட இருந்த ட்ரம்ப் கார்டுலயே யாருக்கும் மாத்திக் குடுக்காத கார்டு கிறிஸ் பென்வா. மேல் கயித்துல ஏறி நின்னு, தலை மொதல்ல எதிராளி மேல விழற மாதிரி குதிப்பாரு. நானும் கட்டில்லேருந்து தலகாணி மேல குதிச்சிருக்கேன். நாற்காலியால தலையில அடி வாங்கினா விசில் அடிப்பேன். டூப்புதானே, அப்பாவே சொல்லிட்டாரே.

2007 ஜூன்ல திடீர்னு பென்வா காணாம போனாரு. ஒரு நாள் அஞ்சலி நிகழ்ச்சி, மறுநாள்லேருந்து பேரே இல்ல. எனக்கு வெவரம் புரியறதுக்கு வருஷங்கள் ஆச்சு. மனைவியையும் ஏழு வயசு மகனையும் கொன்னுட்டு தற்கொலை பண்ணிக்கிட்டாரு. அதே வருஷம் செப்டம்பர்ல அவரோட மூளையை ஆராய்ஞ்ச டாக்டர்கள், 40 வயசு ஆளோட மூளை, 85 வயசு அல்சைமர் நோயாளி மூளை மாதிரி சேதமாகி இருந்துச்சுன்னு சொன்னாங்க. அந்த ஆராய்ச்சிக்கு முயற்சி எடுத்தவர் கிறிஸ் நோவின்ஸ்கி, அவரே தலையில அடிபட்டு ரிங்கை விட்டு வெளிய வந்தவர். ஒருத்தன் செஞ்ச கொலைக்கு மூளைக்காயம் மட்டுமே காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது, அந்தக் கொழந்தைக்கு நடந்ததை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனா அந்தக் காயம் நிஜம். தலையில நாற்காலியால அடிக்கறதை 2010ல கம்பெனி தடை பண்ணுச்சு.

நூறு வருஷமா டூப்பா நிஜமான்னு கேட்டதுல, வலிக்குதான்னு கேக்கவே விட்டுட்டோம். "எல்லாம் டூப்பு"ங்கற பதில் அந்த ரெண்டாவது கேள்வியை வாயைத் தெறக்கவே விடல. யார் ஜெயிக்கணும்ங்கறது டூப்பு. விழறது நிஜம். ஜிம் கார்னெட் 1986 நவம்பர்ல அட்லாண்டாவுல, ரிங்குக்கு மேல கட்டின சாரத்துலேருந்து விழுந்தாரு. கீழ புடிக்க வேண்டிய ஆள் தவறவிட, முழங்கால் போச்சு. விழப் போறது யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணினதுதான், முட்டிக்கு அது தெரியுமா? ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்னைக்கு கான்சாஸ் சிட்டியில, கூரைலேருந்து கயித்துல எறங்கறப்ப விழுந்து செத்தே போனாரு. ஆட்டம் தொடர்ந்து நடந்துச்சு. ஏன் நிறுத்தலன்னு அன்னைக்கு அங்க இருந்தவங்ககிட்ட ரசிகர்கள் இன்னமும் கேட்டுக்கிட்டே இருக்காங்க.

அதனால சமீபகாலமா கேள்வி நேரத்துல எனக்கு ஒரு புது அளவுகோல். "யாரு பெல்ட் ஜெயிச்சிருக்கணும்"னு கேட்டா, பதில் சொல்றவர் அளந்து விடலாம். "அந்த ஆபரேஷனுக்கு யார் காசு கொடுத்தாங்க", "எத்தனாவது நாள் திரும்ப ஆடினீங்க", "ஒப்பந்தத்துல உங்களை ஊழியர்னு போட்டிருந்தாங்களா, இல்ல தனி ஒப்பந்தக்காரர்னா"ன்னு கேட்டா அளந்து விடறது கஷ்டம். அதுக்கு பில் இருக்கும், தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும்.

போன மாசம் நானும் ஒரு பாட்காஸ்ட்டுக்கு கேள்வி அனுப்பினேன். மொதல்ல வழக்கம் போல, "அந்த மேட்ச் முடிவு யாரோட ஐடியா"ன்னு டைப் பண்ணினேன். அழிச்சுட்டு, "நீங்க அடிபட்ட அன்னைக்கு ராத்திரி உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு, பில்லு யாரு கட்டினாங்க?"ன்னு கேட்டு அனுப்பினேன். இன்னும் படிக்கல. தெனமும் பஸ்ல கேள்வி நேரம் ஆரம்பிக்கறப்ப மட்டும் வால்யூமைக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கறேன்.

டிஸ்கி: இந்தப் பதிவை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். பென்வா எடத்துல கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்த நாற்காலி நெஜ நாற்காலியாடா?"ன்னு கேட்டாரு. நெஜ இரும்பு நாற்காலிதாம்ப்பான்னேன்.

உங்க வீட்ல யாரு இதை டூப்புன்னு சொன்னது? நீங்க கேக்கணும்னு நெனைச்சுக் கேக்காம விட்ட கேள்வி என்ன? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. கும்மி அடிக்கறவங்க நாற்காலி இல்லாம வரவும்.